ஹலோக்காரர் தைத்த கிழிசல்

அவரை நான் முதலில் பார்க்கப் போனது ஓர் இரும்புப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு. கல்லூரிப் பண்டக அறையைக் காலி செய்தபோது, கூட்டங்களில் கத்திக் கத்தி ஓய்ந்துபோன வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்று அகப்பட்டது. எடைக்குப் போடச் சொன்னார்கள், மனம் கேட்கவில்லை. "ஹலோக்காரர்கிட்ட கொண்டு போங்க தம்பி, கிடார் வாசிக்கறதுக்குத் தோதா மாத்திக் குடுப்பாரு" என்று வாட்ச்மேன்தான் வழி சொன்னார். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி, அதுவும் இயற்பியல் என்கிற நிமிர்வெல்லாம் இரண்டாவது தெருத் திருப்பத்திலேயே கூன் விழுந்துவிட்டது, அவ்வளவு கனம்.

மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய அறை. சுவர் முழுக்க ஆணிகளில் ஒயர் சுருள்கள். சூடேறிய தூசியின் வாசனை. ஐம்பதைத் தாண்டிய ஒருவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, வந்த ஆளைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தார். ரிப்பேர்க்காரர்கள் என்ன கெட்டுப்போச்சு என்றுதான் கேட்பார்கள். இவர் கேட்டது வேறு.

"இதுல எது கெடாம இருக்கணும்?"

மூன்று தந்திகள் மட்டும் மிஞ்சியிருந்த ஒரு கிடாரை எடுத்து நீட்டினார். "வாசிக்கத் தெரியாட்டி பரவால்ல, சும்மா தட்டுங்க. நான் கேட்டுக்கறேன். கேக்காம இப்பல்லாம் ஒரு ஸ்க்ரூவைக்கூட கழட்டறதில்ல." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ திட்டி முடித்துவிட்டுப் போன பிறகு குனிகிற குனிவு அது.

அது எங்கிருந்து வந்தது என்பதை அவரும், அவர் மனைவியும், அடுத்த தெருவில் ஸ்பீக்கருக்குக் காகிதக் கூம்பு ஒட்டும் கோன் அக்காவும் ஆளுக்கொரு துண்டாகச் சொன்னார்கள். ஒட்டுப் போட்டுத் தைத்தால் இப்படி வருகிறது.

ஹலோக்காரர் என்பது அப்பா அம்மா வைத்த பெயரல்ல. ஆலை வாசலாகட்டும், விளையாட்டு மைதானமாகட்டும், ஊரில் கூட்டம் என்றால் மைக் செட் அவருடையது. தலைவர்கள் பேசுவதற்கு முன்னால் அவர் பேசுவார். ஒரே சொல்தான். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, தொண்டையைக்கூடச் செருமாமல், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற தணிவில் "ஹலோ... ஹலோ..." என்பார். கடைசி மூலையில் வேலியில் சாய்ந்து நிற்கிறவனுக்கும் அது காதோரம் வந்து சொன்ன மாதிரி கேட்கும். மற்றவன் செட்டில் தலைவர் மேடையில் பேசுவார், ஹலோக்காரர் செட்டில் தலைவர் வீட்டுக்கே வந்து பேசுவார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

தொழிலில் அவருக்கு இருந்தது ஒரே விரோதி. அதற்கு அவர் வைத்த பெயர் கிழிசல். சத்தத்தைக் கூட்டக் கூட்டக் குரல் ஓரம் நைந்து, பிசிறடித்து, கரகரவென்று உடையுமே, அதுதான். "குரல் கிழிஞ்சா மேடையில நானே துணியில்லாம நிக்கற மாதிரி" என்பார். அந்தப் பயத்திலேயே, பத்துக் குழாய் ஸ்பீக்கர் போதுமென்ற இடத்தில் பதினைந்தைக் கட்டி, ஒவ்வொன்றையும் அரை மூச்சில் பேசவைப்பார்.

காலம் மாறி, கையில் தூக்கிப் போகிற புது செட்டுகள் வந்தன. வால்வுப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. அதில் ஒன்றை ஒருநாள் இழுத்து வெளியே போட்டவர் அவர் மனைவியின் தம்பி. பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். வேலை முடிந்தால் கிடார்.

"அத்தான், இதுல கிடாரைச் சொருகிப் பாக்கலாமா?"

சொருகினார்கள். மச்சினன் சத்தத்தைக் கடைசிவரை திருப்பினார். கிழிந்தது. ஹலோக்காரர் அணைக்கப் பாய்ந்தார். மச்சினன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க அத்தான். இதைத்தான் இத்தனை நாளா தேடிட்டு இருந்தேன்."

மச்சினனைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள், அந்த நாலு பேரைப் பார்த்து இன்னும் பலர். படுத்துப்போன தொழில் எழுந்து உட்கார்ந்தது. வேலையில் மாயம் ஒன்றுமில்லை. மைக் சொருகும் துளையைக் கிடாருக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். மைதானம் முழுக்க ஓடும் ஒயருக்காகச் செய்த பின்பக்க இணைப்பை, பக்கத்திலேயே நிற்கும் ஒற்றை ஸ்பீக்கருக்குத் தோதாகத் திருப்பிக் கட்ட வேண்டும். பழைய இரட்டை ஒயர் பிளக்கை எடுத்துவிட்டு எர்த்தோடு மூன்று ஒயர் போட வேண்டும். கடைசியாக, நன்றாகக் கிழிய வேண்டும். இந்தக் கடைசி வேலை மட்டும் அவருக்குத் தொண்டையில் முள். செய்து கொடுப்பார், வந்தவர்கள் வாசித்துப் பார்க்கும்போது வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தைத்த சட்டையைக் கண்ணெதிரே கிழிக்கக் கொடுத்த தையல்காரர் எங்கே பார்ப்பார்?

மச்சினனின் நிகழ்ச்சிகளில் மட்டும் அப்படி நிற்க முடியாது. மனைவியோடு முன்வரிசையில் உட்கார்ந்தாக வேண்டும். கண்ணை மூடிக்கொள்வார், தலையை மெல்ல ஆட்டுவார். மச்சினனுக்கு அதில் அப்படியொரு பெருமை. "எங்க அத்தான் காது வேற காது. அவர் தலையாட்டினா ஊரே தலையாட்டின மாதிரி" என்று டிப்போவில் டிரைவர், கண்டக்டர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

வருஷங்கள் ஓட ஓட, மச்சினனின் பெட்டிக்கென்று ஒரு குரல் வந்துவிட்டது. உள்ளே பாகங்கள் மெல்ல மெல்லத் தளர்ந்து, சூட்டில் வெந்து, ஒன்றோடொன்று பழகி வந்த குரல். தெருமுனையிலேயே "அண்ணன் வாசிக்கறாரு" என்று பையன்கள் சொல்வார்கள். யாரோ போனில் பதிந்து அனுப்ப, பெரிய நகரத்தில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். உங்கள் சொந்தப் பாட்டுகளைப் பதிவு செய்து வெளியிடுகிறேன்; ஒரே நிபந்தனை, கிடார் அதே பெட்டியில் அதே சத்தத்தோடு வர வேண்டும். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வண்டிக்கு நேரம் குறித்த மனிதருக்குத் தன் வண்டியே வந்து நின்றாற்போல் இருந்தது.

போவதற்கு முன் இரண்டு சின்ன வேலைகள். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஓரத்தில் விட்டிருந்தது. அதைக் கோன் அக்காவிடம் கொடுத்தார். பழைய கூம்பைப் பிய்த்துப் புதுசு ஒட்டுவதற்கு ஊரில் அவர் ஒருவர்தான். வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அக்கா. இரண்டாவது வேலை அத்தானுக்கு.

"பாடறப்போ உதடு மைக்ல பட்டா சுரீர்னு அடிக்குது அத்தான். அந்த ஷாக்கை மட்டும் எடுத்துக் குடுங்க, போதும்."

ஹலோக்காரர் முதன்முதலில் மாற்றிய பெட்டி அது. எர்த் போடுகிற பழக்கம் அப்போது அவருக்கு இல்லை. மின்சாரத்துக்கும் பெட்டியின் உடம்புக்கும் நடுவே பாலம் போட்டிருந்த சின்னக் கண்டன்சரை வெட்டி எறிந்தார், மூன்று ஒயர் பிளக் போட்டார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அத்தோடு மூடியை முடுக்கியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. கைப்பழக்கம் விடுமா? மைக்கை எடுத்துச் சொருகினார். ஒரு சாண் தள்ளி நின்றார்.

"ஹலோ."

கிழிந்தது.

கிடார் பெட்டியை மைக் போட்டுச் சோதிக்கிற ஆள் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். அது அவருக்கு உறைக்கவே இல்லை. பெட்டியின் முகப்பில் அவர் கைப்படச் சாயத்தில் எழுதிய 'ஹலோ சவுண்ட்' அப்படியே இருந்தது. அந்தப் பெயருக்குக் கீழிருந்து அவருடைய ஒரே சொல் நெஞ்சுச்சளி பிடித்து வெளியே வந்தது. பெரிய ஊருக்குப் போகிற பெட்டி. அங்கே எவனாவது மைக்கைச் சொருகிப் பார்த்துவிட்டு, இதுதான் உங்க ஊர் ஹலோவா என்று கேட்டால்?

மானப் பிரச்சினை என்று உட்கார்ந்துவிட்டார். கசிந்துகொண்டிருந்த கண்டன்சர்களைக் களைந்தார். அளவு பிசகிய ரெசிஸ்டன்ஸ்களைப் பிடுங்கினார். ஒன்று மங்கியும் ஒன்று கொதித்தும் கிடந்த இரண்டு பெரிய வால்வுகளை எடுத்துவிட்டு, பஞ்சில் பொதிந்து வைத்திருந்த புது ஜோடியைப் போட்டார். எத்தனை பேர் கேட்டும் கொடுக்காத ஜோடி. மச்சினனுக்கு இல்லாததா?

"ஹலோ." தேய்த்து மடித்த சட்டை மாதிரி வந்தது.

களைந்ததையெல்லாம் கூட்டிப் பெருக்கிக் குப்பை வண்டியில் கொட்டிவிட்டு, மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தார். "கல்யாணத்தப்போ இருந்த குரல் திரும்பி வந்திருச்சே" என்றார் அந்த அம்மாள். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். அவர் வாழ்க்கையில் நல்ல வெட்கம் அதுதான் கடைசி.

ஒத்திகை நடப்பது அச்சகத்தின் பின்னறையில். சுற்றிலும் காகித உருளைகள் அடுக்கியிருப்பதால் சத்தம் எதிரொலிக்காது. அச்சகக்காரர்தான் டிரம்ஸ் வாசிப்பவர். வாய் கையைவிட வேகம். ஹலோக்காரரும் போய் ஓர் உருளைமேல் உட்கார்ந்தார். பாராட்டு வாங்குவதற்கென்று முகத்தைத் தயார் செய்துகொண்டுதான் போனார்.

மச்சினன் தட்டினார். கணீரென்று வந்தது. சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கணீர். கடைசிவரை திருப்பியபோது லேசாக ஒரு முனகல், அவ்வளவுதான்.

அச்சகக்காரர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு, வாயருகே கையைக் குவித்தார். "பயணிகளின் கவனத்திற்கு. எட்டாம் எண் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது."

மச்சினன் சிரிக்கவில்லை. "அத்தான், என்ன பண்ணீங்க?"

உண்மை நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் பாராட்டுக்கென்று தயார் செய்த முகம் சட்டென்று இறங்க மறுத்தது. "ஷாக்கை எடுத்தேன், வேறென்ன" என்றார்.

"வேற எதையும் தொடலையே?"

"ஸ்பீக்கரைப் பாரு மச்சான். புதுக் கோன்ல? காகிதம் விறைப்பா இருக்கும்."

வாயை விட்டுப் போன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. எழுந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போனார். அச்சு இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. உள்ளே மச்சினன் ஸ்பீக்கரைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் போய் "விடு மச்சான், நான்தான்" என்று சொல்ல நாலு எட்டு நடந்தால் போதும். நடக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கோன் அக்கா அவர் கடைக்கு வந்தார். துணிப்பைக்குள் ஸ்பீக்கரைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்திருந்தார்.

"ஹலோ, உங்க மச்சினர் வந்தாருப்பா. கத்தியிருந்தாக்கூட பரவால்ல, நானும் ரெண்டு கத்தியிருப்பேன். 'ஏன்க்கா இப்படி ஆயிருச்சு'ன்னு கேட்டுட்டு உக்காந்துட்டாரு. பிச்சு மறுபடி ஒட்டினேன். அப்பவும் அதேதானாம்."

அவர் ஸ்பீக்கரை வாங்கிக்கொண்டார். அக்காவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க. கொஞ்ச நாளா பசை பூசறப்போ கை நடுங்குது. கோடு வளையுது. நானும் கவனிக்காத மாதிரியே இருந்துட்டேன். நீங்க கேட்டுச் சொல்லுங்க. உங்க காதுக்கு மேல கோர்ட்டு இல்ல. என் கை போச்சுன்னா போச்சுன்னு சொல்லிருங்க, கடைப் பலகையைக் கழட்டி வெச்சுடறேன்."

ஹலோக்காரர் இணைத்துக் கேட்டார். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. விளிம்பைத் தடவினாலே தெரிந்தது. பழுது சொல்ல முடியாத வேலை.

"கோன்ல குத்தம் இல்லக்கா."

"பின்ன குத்தம் எதுலப்பா?"

மேஜைமேல் கிடந்த ஓர் ஒயர்த் துண்டை எடுத்துச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். "பாக்கணும்."

கோன் அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லச் சிரித்தார். "நான் வருத்தப்படுவேன்னு மழுப்பறீங்க. புரியுது. நல்ல மனசு உங்களுக்கு." அவர் தோளைத் தட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குச் செருப்பால் அடித்திருக்கலாம் என்றுதான் ஹலோக்காரர் இன்றைக்கும் சொல்கிறார்.

மறுநாள் டிப்போவுக்கே போய்ப் பெட்டியை வாங்கி வந்தார். "ஸ்பீக்கர் சரியில்லாட்டி என்ன, பெட்டியில ஏதாச்சும் கொஞ்சம் கூட்டிப் பாக்கறேன்" என்று மறுபடி ஒரு பொய். தகர டப்பாவில் கிடந்த பழைய, கசியும் கண்டன்சர்களைப் பொறுக்கிப் போட்டார். கிழிந்தது. ஆனால் தகரக் கூரையைத் தரையில் இழுக்கிற கிழிசல். வேறொன்றை மாற்றினார். இப்போது எருமை இருமியது. மதியச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கூப்பிட வந்த மனைவி, அவர் மூன்று தந்திக் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு முழிப்பதைப் பார்த்தார்.

"உன் தம்பி வாசிக்கறப்போ சத்தம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார் அவர்.

"என்ன கேள்வி இது? முன்வரிசையில கண்ணை மூடி ரசிச்சது நீங்களா நானா?"

அவர் தந்தி ஒன்றை நகத்தால் நெருடினார்.

"தூங்கிட்டீங்களா அப்பல்லாம்?"

"தூங்கல." கிடாரைத் தரையில் வைத்தார். "அவன் பாடறப்போ மைக்கைக் கேப்பேன். கிடார் வந்தா... உள்ளுக்குள்ள ஏதாவது கணக்குப் போட்டுட்டு இருப்பேன். எந்த ஒயர் எங்க கெடக்கு, யாரு செட் எப்ப திரும்பி வரும். அது முடியற வரைக்கும். என்னால அந்தக் கிழிசலைத் தாங்க முடியாது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வால்வு, குப்பை வண்டி, கோன் அக்கா. மனைவி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊரெல்லாம் வெளுத்த துணி உடுத்தி வலம் வந்த மனிதரின் உள்பாக்கெட்டில் இங்க் கறை பார்த்த மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னார்.

"பெட்டியைக் கெடுத்ததைப் போய்ச் சொல்லுங்க. அந்தம்மா பாவம். என் தம்பி கத்துவான், அப்புறம் தாங்கிப்பான். ஆனா கேட்டதே இல்லன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க. அதைத் தாங்க மாட்டான்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றார். நாளைக்கு மச்சினனுக்கு இரட்டை டூட்டி. அதற்கடுத்த நாள் அச்சகக்காரர் கூடவே இருந்தார். இப்படி ஒரு சாக்கின் தோளைப் பிடித்து இன்னொரு சாக்கு வந்து நின்றது. ஒரு மாதம் ஓடி, பதிவு நாளே வந்துவிட்டது.

காலை பஸ்ஸில் போனார்கள். ஒட்டுப்போட்டுத் தேற்றிய பெட்டி, ஸ்பீக்கர், கிடார், டிரம்ஸ். கூடவே கோன் அக்காவும் வந்தார். "எங்க தப்பு விட்டேன்னு என் காதால கேட்டுட்டு வந்துடறேன். இல்லாட்டி மனசு கெடந்து அரிக்கும்" என்றார். ஹலோக்காரருக்குப் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்தார். வழியெல்லாம் அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து நீட்டினார்.

ஒலிப்பதிவாளர் தன்மையான மனிதர். மச்சினன் முதல் பாட்டின் தொடக்கத்தை வாசித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். இரண்டாவது முறை வாசிக்கச் சொன்னார். பிறகு காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார்.

"இது அது இல்லையே."

எழுந்து வந்து பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"யாராவது கை வெச்சீங்களா?"

கோன் அக்கா கையைத் தூக்கினார். கணக்கைத் தப்பாகப் போட்ட பள்ளிப் பிள்ளைபோல், தூக்கிய கையின் முழங்கையை மறுகையால் தாங்கிக்கொண்டு நின்றார். அந்தக் கை உண்மையிலேயே நடுங்கியது. "ஸ்பீக்கர் என் வேலைங்க. வயசாயிருச்சு. தப்பு என் பக்கம்தான்."

"கையைக் கீழ விடுங்கக்கா" என்றார் ஹலோக்காரர்.

எழுந்து நின்றார். ஆயிரம் மேடைகளில் தன் சொல்லைச் சொல்லிப் பழகிய மனிதருக்கு எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று தெரியவில்லை. முன்னால் மைக் இல்லை. "ஸ்பீக்கர்ல ஒண்ணுமே இல்ல. ஷாக்கை எடுக்கச் சொன்னா, நான் உள்ள இருந்த எல்லாத்தையும் புதுசு பண்ணேன். மைக்ல ஹலோ சொல்லிப் பாத்தேன், கிழிஞ்சுது, பொறுக்கல. பழசைக் குப்பையில போட்டுட்டேன். அப்புறம் அக்கா மேல பழியைப் போட்டேன். அக்கா வந்து கேட்டப்பவும் வாயைத் திறக்கல."

கோன் அக்கா கையைக் கீழே விட்டார். விட்ட கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அச்சகக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஊரே கிழிச்சுக் குடுங்கன்னு உங்ககிட்ட வந்து நிக்குது. சொந்த மச்சானுக்கு மட்டும் தைச்சுக் குடுத்திருக்கீங்க. நல்லா கிழிச்சீங்க போங்க." யாரும் சிரிக்கவில்லை. அவருமே சிரிக்கவில்லை.

மச்சினன் கிடாரின் கழுத்தை இறுகப் பிடித்தபடி மூச்சை இழுத்து விட்டார். "சரி, விடுங்க. வேணும்னேவா பண்ணாரு? பாசத்துல பண்ணிட்டாரு. அக்காகிட்ட நான்தான் மொதல்ல மன்னிப்புக் கேக்கணும்." ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். "சார், எங்க அத்தானே கூட இருக்காரு. அந்தச் சத்தம் அவருக்கு அத்துப்படி. எல்லாக் கச்சேரியும் முன்வரிசையில உக்காந்து கேட்டவரு. ஏதாவது பண்ண முடியுமா பாருங்க."

"தாராளமா. பழைய வால்வு, கண்டன்சர் எல்லாம் இங்கயே இருக்கு" என்றார் ஒலிப்பதிவாளர். "நான் போன்ல கேட்டது அரைகுறை. நீங்க நேர்ல கேட்டவரு, சொல்லுங்க. மெதுவா வாசிச்சா எப்படி இருக்கும்? அழுத்தி வாசிச்சா எங்க உடையும்?"

எல்லார் முகமும் ஹலோக்காரர் பக்கம் திரும்பியது.

"கரகரன்னு இருக்கும்" என்றார்.

"எல்லாப் பெட்டியும் கரகரக்கும். இது எப்படிக் கரகரக்கும்?"

நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார், அது ஏதோ உதவும் என்பதுபோல.

"நான் சொல்லட்டுமா?" என்றார் கோன் அக்கா, தயங்கித் தயங்கி. "மெதுவா தட்டினா, அழுது முடிச்சவங்க பேச ஆரம்பிப்பாங்களே, அந்தத் தொண்டை. கொஞ்சம் அழுத்தினா, துணி கிழியறதுக்கு முன்னாடி ஒத்தை நூல் விடுமே, அது. முழுசாக் கிழியாது. கிழியப் போற இடத்துலயே நிக்கும். நிகழ்ச்சி நடக்கறப்போ ஸ்பீக்கருக்குப் பின்னால நின்னு கேப்பேன். என் கோன் அந்த நேரம் எப்படித் தாங்குதுன்னு பாக்க."

மச்சினன் அக்காவைப் பார்த்தார். பிறகு மெல்ல அத்தானைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ ஒரு கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்க்கிற முகம்.

"அத்தான், நீங்க ஒரு நாள்கூடக் கேட்டதில்லையா?"

"சிலருக்குச் சொல்ல வராதுப்பா" என்று கோன் அக்கா குறுக்கே வந்தார். தன்மேல் பழி போட்டவருக்கு அந்த அம்மாள் திறந்துவிட்ட வாசல் அது. உள்ளே நுழைந்துகொண்டால் போதும். கேட்டேன், சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். மனைவி சொல்லி அனுப்பியதும் அதுதான். ஆனால் முன்பு ஸ்பீக்கர்மேல் சொன்ன பொய்யை அந்த அக்கா ஒரு மாதம் கையில் தூக்கிச் சுமந்திருந்தார். இன்னொன்றை யார் தலையில் வைப்பது?

"இல்ல மச்சான்" என்றார். "கண்ணை மூடி வேற யோசிச்சுட்டு இருப்பேன்."

மச்சினன் தலையை ஆட்டினார். கிடாரைக் கழற்றினார். உறைக்குள் வைத்து, ஜிப்பை மெதுவாக, பல் பல்லாக இழுத்து மூடினார். பிறகு சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணேகால் வண்டியைப் புடிக்கலாம்" என்றார்.

ஒலிப்பதிவாளர் எவ்வளவோ சொன்னார், கொஞ்சம் முயற்சி செய்யலாம் என்று. மச்சினனுக்கு மனம் வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் இரட்டை இருக்கையில் தனியாக உட்கார்ந்து, பக்கத்தில் கிடாரை உட்காரவைத்துக்கொண்டார். ஹலோக்காரர் கடைசி வரிசையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இரும்பின் ஓரம் தொடையை அறுத்தது, கீழே இறக்கவில்லை.

கோன் அக்கா நெடுநாள் அவர் தெருப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் ஒரு ஸ்பீக்கரோடு வந்து மேஜைமேல் வைத்தார். "கேட்டுச் சொல்லுங்க ஹலோ. இந்தத் தடவை கேட்டதைச் சொல்லுங்க." அவர் கேட்டார். ஓரிடத்தில் பசை மெலிந்திருப்பதைச் சொன்னார். "ஆமாம், கை அங்கதான் நடுங்குச்சு" என்று எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்தார். அக்காவின் பலகை இன்னும் தொங்குகிறது.

ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை.

ஹலோக்காரர் அதே மாடிப்படிக்குக் கீழேதான் வேலை செய்கிறார். மைக்கை எந்தக் கிடார் பெட்டியிலும் சொருகுவதில்லை. வந்தவர்கள் வாசிக்கும்போது வாசலுக்குப் போவதில்லை. உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார். கஷ்டமாகத்தான் இருக்கிறது என்கிறார். மச்சினனின் பெட்டி மூடியில்லாமல் அவர் மேஜையின் ஓரத்தில் இருக்கிறது. ஒரு பாகத்தை மாற்றுவார், கோன் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வார். அக்கா "கிட்ட வந்திருக்கு, இன்னும் இல்ல" என்பார். டிப்போ லீவு நாட்களில் மச்சினன் வந்து அதில் வாசித்துப் பார்க்கிறார். அத்தான் என்றுதான் கூப்பிடுகிறார், டீ வாங்கி வந்தால் குடிக்கிறார், அச்சகக்காரரின் ஜோக்குக்கு இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். வாசிக்கும்போது மட்டும் மச்சினன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார்.